'சீன் போடாத' என்று வளர்த்த வீடு

இன்று பென்னலூரில் உன் அம்மா வீட்டில் உனக்குப் படையல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தைல வாசனை வந்தது. ஒரு கணம் நீதான் உள்ளே இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். இருந்தது உன் தங்கை தீபா. பத்தாவது படிக்கிற பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஒன்னுமில்ல மாமா."

உன் குரல். உன்னுடைய அதே ஒன்னுமில்ல.

நாம் முதன்முதலில் பேசியது நினைவிருக்கிறதா? ஒரகடம் ஃபேக்டரியில் உன் அசெம்பிளி லைனில் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். ஏதாவது தப்பாக வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் நின்றுவிடும். ஸ்க்ரூ சரியாக உட்காரவில்லை என்று நீ இழுத்தாய். மெயின்டெனன்ஸிலிருந்து நான் ஓடிவந்தேன்.

"சாரி சார், நிறுத்திட்டேன்."

"நிறுத்தத்தானே கயிறே கீது?"

"எங்க வூட்ல நிறுத்தினா அறைதான் சார் வுழும்" என்று சிரித்தாய்.

கல்யாணத்துக்குப் பிறகு மீதியைச் சொன்னாய், எல்லாவற்றையும் ஜோக்காகவே. வயசுக்கு வந்த புதிதில் நீ வலியில் சுருண்டு கிடந்தால், "சீன் போடாத, எழுந்து போய் தண்ணி புடி" என்பாராம் உன் அப்பா. பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைக் காட்டினால், "இத வச்சி கொழம்பா வைக்கப் போற?" என்றாராம் அம்மா.

அப்படி வளர்ந்தவள், வயிறு கிழிகிற வலியிலும் தைலத்தைத் தடவிக்கொண்டு ஷிஃப்ட் முடியும்வரை நின்றாய். ஸ்க்ரூவுக்காக இழுத்த கயிற்றை உனக்காக இழுக்கவில்லை. குடல்வால் வெடித்துவிட்டது, லேட்டாக வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். சாவு வீட்டில் எல்லோரும் உன்னைப் பொறுமைசாலி என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. உன் மேலும்தான். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே?

இன்று உன் அம்மா இலையில் சோறு வைத்துக்கொண்டே சொன்னார்: "பரீட்ச வருதில்ல, அதான் சீன் போடறா மாப்ள. அக்காவோட தைல டப்பா உங்க கிட்ட கீதா? இங்க தீந்துபோச்சி."

எழுந்துவிட்டேன்.

"படையல் சோறு மாப்ள, பாதியில எழுந்திரிக்கக் கூடாது" என்றார் உன் அப்பா.

"ஒருத்திய வாரிக் குடுத்தாச்சே மாமா, பத்தலையா உங்களுக்கு?"

தீபாவைக் கைப்பிடித்து எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தேன். உன் அம்மா கரண்டியை வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்தபடி எங்களோடு ஆட்டோவில் ஏறினார்.

"எங்க வலிக்குது?" என்று டாக்டர் கேட்டதும் தீபா அம்மாவைத்தான் பார்த்தாள். வலிப்பதற்கு அனுமதி கேட்கிற பார்வை. நான் காத்திருந்தேன்.

"வலிக்குது" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக, "ரொம்ப வலிக்குது டாக்டர். அக்கா மாதிரி ஆயிடுமா?"

உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

சிறுநீர்த் தொற்றாம். நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். உனக்கு யாரும் சொல்லாத வார்த்தை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "நான் சீன் போட்டுட்டனா மாமா?"

"போடு. தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி போடு."

உன் தைல டப்பா என் வண்டிப் பெட்டியில்தான் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆனால் அது தீபாவின் கைக்குப் போகாது.