வாஞ்சூரோடு நின்ற பயணம்

காரைக்கால்,
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பிறகு.

பேரன்புள்ள லொரேன் அக்காவுக்கு,

தம்பி ஃபாபியன் எழுதுகிறேன். மாதா உன்னை நலமாக வைத்திருக்கட்டும். லியோனில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே அடைமழை. கவரைப் பார்த்ததும் ரப்பர் பல்லி இருக்கும் என்று உதறிப் பார்த்திருப்பாய். இல்லை. இந்த முறை உள்ளே நான் மட்டும்தான்.

போனில் உனக்கு எதுவும் சொல்ல மாட்டேன் என்று அம்மா தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். தபாலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் வக்கீலாக வேண்டியவன். பிளஸ் டூதான் குறுக்கே படுத்திருக்கிறது.

எங்காவது உட்கார்ந்துகொண்டு படி.

ஆகஸ்டில் உன்னைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம் அல்லவா? நீ உன் போனிலேயே போட்டுக் கொடுத்த ஷேர் கார். கோவில்பத்து மாறன் அண்ணன் ஓட்டினார். கூட வந்த இன்னொரு பயணியை நாகூரில் இறக்கிவிட்டு, வாஞ்சூரில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினோம். துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போகிற லாரி ஒன்று பார்க்காமல் பின்னால் வந்து பக்கவாட்டில் இடித்தது. அம்மா பக்கத்துக் கதவு உள்ளே மடிந்தது. எனக்கு நெற்றியில் தையல். புருவம் இரண்டாகப் பிரிந்து ஸ்டைலாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு வலது பாதம் நசுங்கிவிட்டது.

நீ பாரிஸில் இறங்கி, "வீட்டுக்குப் போயாச்சாம்மா?" என்று கேட்டபோது நாங்கள் நாகூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தோம். "ஆச்சு கண்ணு, மீன் குழம்பு வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அம்மா.

அதே வாயால் டாக்டரிடமும் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தாள். அவர் என் நெற்றியைப் பார்த்து, "ரெண்டு பேரும் சேர்ந்தே உருண்டீங்களா?" என்று கேட்டார். விபத்து என்றால் போலீஸ் வரும், கேஸ் என்று வந்தால் நம்மைப் போன்ற பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்கள் இங்கே தங்குவதற்கான ஓசிஐ அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். அப்பாவின் கல்லறையை விட்டுவிட்டு எங்கே போவேன் என்று அதற்கு மேல் ஒரு அழுகை. யாரிடமும் கேட்கவில்லை. என்னையும் கேட்க விடவில்லை.

அவளுக்குச் சர்க்கரை இருப்பது உனக்குத் தெரியும். பாதம் ஆறவில்லை. கறுத்தது. செப்டம்பரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், அக்கா.

வீடியோ காலில் நீ பார்ப்பது பவுடர் போட்ட முகத்தை மட்டும். கேமராமேன் நான்தான். "எந்நேரமும் கட்டில்லயே இருக்கியேம்மா, சோம்பேறி ஆயிட்ட" என்று போன வாரம் கேலி செய்தாய். அம்மாவும் சிரித்தாள். போனை வைத்ததும் பவுடர் கோடு கோடாக ஓடிவிட்டது.

உனக்குத் தெரியக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இதை அவளிடமே சொல்லித் தொலைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக வயிறு குலுங்கச் சிரித்தாள். "எடுறா அந்தச் செருப்ப" என்றாள். பிறகு எந்தச் செருப்பு என்று நினைத்தாளோ என்னவோ, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்வீட்டு நௌஷின் அக்கா இப்போது கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அட்டையெல்லாம் யாரும் புடுங்க மாட்டாங்க மார்கெரித்தம்மா. இந்த ரோட்டுல அடிபட்டா எந்த நாட்டு ஆளும் நஷ்டஈடு கேக்கலாம். அன்னைக்கே புகார் கொடுத்திருக்கணும், டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லியிருக்கணும்" என்றார். ஆப்பிள் பையோடு வந்த லாரிக்காரரின் ஆள் நீட்டிய சமாதானத் தாளில், மூக்குக்கண்ணாடி உடைந்திருந்ததால் அம்மா கையெழுத்துப் போடவில்லை. அது ஒன்றுதான் நல்ல காரியமாம்.

நாகூர் போலீஸில் இடித்த இடம் அந்தப் பக்கம் என்றார்கள். இங்கே வந்தால், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் என்றார்கள். அம்மாவின் கால் எந்தப் பக்கம் போயிற்று என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு வழியாக இங்கே புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் மாடிப்படி இருக்கிறதே! எங்கள் வீட்டுக்கு மாடியே இல்லை என்றேன், இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாங்கள் அந்தக் காரில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்கிறார். மாறன் அண்ணன் சாட்சி சொல்கிறேன் என்று நிற்கிறார். அவர் ஒருவர் சொல் மட்டும் போதாது என்கிறார் நௌஷின் அக்கா.

மீதி உன்னிடம் இருக்கிறது. உன் பெயரில் பதிவு செய்த பயணம், கார் நம்பர், போன வழி, கார் எங்கே நின்றது என்பது எல்லாம் உன் ஆப்பில் இருக்கும். அதையும் மெயிலில் வந்த ரசீதையும் நௌஷின் அக்காவுக்கு அனுப்பு. எதையும் அழித்துவிடாதே. செயற்கைக் கால், நடைப் பயிற்சி எல்லாம் அந்த நஷ்டஈட்டை நம்பித்தான். அம்மா மறுபடி நடப்பது இப்போது உன் போனுக்குள் இருக்கிறது.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். "அவ புடிச்சுக் குடுத்த வண்டிடா. தெரிஞ்சா படிப்பப் போட்டுட்டு ஓடி வந்துடுவா, ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்குவா" என்கிறாள். அக்கா, நீ பிடித்தது காரை. லாரியைப் பிடித்தவள் நீ இல்லை.

அந்த விவரங்களை அனுப்பும்போது கீழே மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் எழுதிவிடாதே. வர முடிந்தால் வா. உன்னைப் பார்த்தால் அம்மா என்னை அடிப்பாள். அதன் பிறகாவது ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

அங்கே ரோட்டிலெல்லாம் பனி உறைந்து கிடக்குமாம். பார்த்து நட, அக்கா.

உன் தம்பி,
ஃபாபியன்