கண்ணாடியில் ஒரு கை

என் கண்ணு,

ஆற்றுப்பாலம் இடிந்து ரயில் நின்றுபோன வருஷம் உனக்குத் தொண்டை அடைப்பான். இதே தொற்று வார்டில்தான் கிடந்தாய். வாசல் காவலும் துடைப்பதும் என் வேலை. உன் அம்மாவையே உள்ளே விடவில்லை.

"நீ எனக்குப் புருஷனா, இந்தக் கதவுக்கா?" என்றாள்.

பிறகு ஜன்னல் கண்ணாடியில் வெளியிலிருந்து அவள் கை வைக்க, உள்ளேயிருந்து நீ வைத்தாய். உன் பக்கத்தைத் தினமும் மருந்துத் தண்ணீரால் துடைப்பேன். வெளியே அவள் கைத்தடம் வெயிலில் மிதந்துகொண்டே இருக்கும்.

இப்போது உள்ளே நான். நேற்று நீ கதவருகே சண்டை போட்டதாக, இதை எழுதித் தரும் நர்ஸம்மா சொன்னார். அம்மா மகள்தான். உள்ளே வராதே, உனக்கும் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலில் கை வை, போதும்.

உன் அம்மா முன்பே போய்விட்டாள், நானும் கிளம்புகிறேன். அந்தக் கண்ணாடியைத் தொட்டவர்களில் இருக்கப்போவது நீ ஒருத்திதான்.

கதவுக்கு வாக்கப்பட்ட
உன் அப்பா