மருந்துப் புண் இல்லை, மதினி

மதினி,

உங்கள் கல்யாணப் பட்டை நேற்றுக் காலையில் அண்ணன் பீரோவிலிருந்து எடுத்து வந்து என் மடியில் போட்டான். பாச்சை உருண்டை வாடை குப்பென்று அடித்தது. "இதக் கட்டிக்கிட்டு வா. விஸ்வநத்தத்துல எனக்குப் பொண்ணு பாக்கப் போறோம். தங்கச்சி இல்லாமப் போனா மரியாதையா இருக்காது" என்றான். நீங்கள் போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டேன். எதற்கென்று எனக்குத் தெரியும்.

உங்கள் தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போட்டவள் நான். அந்த உரிமையில்தான் அவன் கூப்பிட்டான். அதே உரிமையில்தான் நானும் போனேன்.

போகிற வழியெல்லாம் உங்கள் வலது கைதான் கண்ணுக்குள் நின்றது. நடுவிரலில் சின்னக் கட்டியாக வந்து, உடைந்து, ஆறாமலே கிடந்தது. பட்டாசுக்குத் திரி ஒட்டுகிற கை. வெடிமருந்து பட்டு வந்தது என்றுதான் நாம் இருவரும் வேலை பார்த்த பட்டாசு ஷெட்டே சொன்னது. நம் ஊரில் கையில் எது வந்தாலும் மருந்துப் புண்தானே! பிறகு மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று என்று வரிசையாக ஏறியது. "தொட்டுப் பாரு புள்ள, கல்லு கணக்கா இருக்கு. வலிக்கவே மாட்டேங்குது" என்று சிரித்தீர்கள்.

அந்த ஷெட்டுக்கு போர்மேன் அண்ணன். ஆஸ்பத்திரிக்குப் போக நீங்கள் லீவு கேட்டபோது, கட்டின பெண்டாட்டி என்றும் பாராமல், அத்தனை பேர் முன்னாலும், "வலிக்கலைல்ல? சீசன் முடியட்டும். வேலையப் பாரு" என்றான். அந்த வாயில் அன்றைக்கே ஒன்று போட்டிருக்க வேண்டும்.

தீபாவளி சீசன் முடிந்துதான் மதுரைக்குப் போனோம். சதையை வெட்டிச் சோதித்த டாக்டர், "இது மருந்துப் புண் இல்லம்மா. சார்கோமான்னு சதையில வர்ற புற்றுநோய். ரொம்ப அபூர்வம். பாக்க ஆறாத புண் மாதிரிதான் இருக்கும்" என்றார். அதற்குள் நுரையீரலுக்குப் போயிருந்தது.

விஸ்வநத்தத்தில் காபி கொடுத்தார்கள். பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி, "மொத தாரம் எப்படித் தவறுனாக?" என்று கேட்டார்.

அண்ணன் கூசாமல், "கையில தீக்காயம். சீழ் வச்சிருச்சு" என்றான்.

டம்ளரைக் கீழே வைத்தேன். "தீக்காயம் இல்லம்மா, புத்துநோய். அஞ்சு மாசமாக் கையக் காட்டுனாக. வலிக்கலைன்னா வேலையப் பாருன்னு சொன்னவரு இந்தா உக்காந்திருக்காரு. ஒங்க பொண்ணும் திரி ஒட்டுற பொண்ணுதான? யோசிச்சுக்கோங்க" என்றேன்.

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். அண்ணன் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்க எனக்கு அப்படி இனித்தது, மதினி. பொய் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. "தெனமும் அவ கைக்குக் களிம்பு தடவிவிட்டது யாரு? ஒவ்வொரு கட்டியா மேல ஏறுனது ஒன் வெரலுக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டான்.

தெரிந்தது, மதினி. ஒவ்வொன்றும் தெரிந்தது. "வலிக்குதா மதினி?" என்றுதான் நானும் கேட்டேன். இல்லை என்றீர்கள். கையைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டுத் திரியை எடுத்தேன்.

அவனைச் சொல்ல ஒரு வீடு கிடைத்தது. என்னைச் சொல்ல நான் எந்த வீட்டுக்குப் போவேன்?