லெட்சுமியின் கழுத்து

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கொடியில் போட்ட என் சட்டை இரண்டும் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குள். இந்தப் புதுக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், என்னைப் பற்றியும்தான். கூட்டிக் குறைத்து எழுதுவதற்குக் கொப்பி எதற்கு?

விடுதிப் பிள்ளைகளுக்கு இனிப் பின்னேரம் உடற்பயிற்சி. கட்டாயம். மூன்று வகுப்பு, ஒன்றைத்தான் எடுக்கலாம். யோசிக்க வசதியாக அட்டவணை போட்டேன்.

யோகா: முதுகு நிமிரும். பாய் வேண்டும். வியர்க்காது.
ட்ரில்: மேளத்துக்குக் கைகால் வீச வேண்டும். மூச்சுக்கு நல்லது. மைதானம், வெயில்.
ஏரோபிக்ஸ்: கசெட் போட்டுத் துள்ளுவது. உடம்பு இளைக்கும். ரஜனியும் அவள் கூட்டமும் இதில்.

எனக்குப் பொருத்தம் ட்ரில். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அட்டவணையும் அதைத்தான் சொல்கிறது.

ஜூன் 4, புதன்

காற்று நிற்கவில்லை. பவானி டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ‘உடற்பயிற்சியால் அடைய விரும்புவது என்ன?’ டீச்சர் யாழ்ப்பாணம். "தன்னைப் பற்றித் தானே எழுதினா எல்லாரும் பொய்தான் எழுதுவியள். பக்கத்தில இருக்கிறவளிட்டச் சொல்லுங்கோ, அவள் எழுதட்டும். உண்மையை எழுத வேணும்."

என் பக்கத்தில் லெட்சுமி. விடுதியிலும் பக்கத்துக் கட்டில். ஸ்பிரிங்வெளிப் பிள்ளை. அப்பா அங்கே கடை வைத்திருப்பதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். இன்று என் காதில் வேறு சொன்னாள். கடை கிடையாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான் வீடு. லீவுக்குப் போனால் அம்மாவோடு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவாளாம். தலையில் மாட்டும் கூடைக் கயிறு பின்னால் இழுக்க, கழுத்தை முன்னால் நீட்டியே பழகிவிட்டதாம்.

"நடையப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்கடி. கழுத்து நேராகணும். எதுல நேராகும்?"

"யோகாவுல."

"அப்ப எனக்கு யோகா. ஆனா இத எழுதிறாத, என்ன? முதுகுவலின்னு போடு."

நான் உண்மையைத்தான் எழுதினேன். டீச்சர் அப்படித்தானே சொன்னார்.

நானும் அவளிடம் ஒன்று சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன். எந்த வகுப்பு என்பதை மட்டும் அவரவரே எழுத வேண்டும். ஏரோபிக்ஸ் என்று எழுதினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கோவாக் கறி. மூன்றாவது நாளாக.

ஜூன் 6, வெள்ளி

காலைச் சாப்பாட்டு வரிசை. ரஜனி புத்தகப் பையை முதுகில் போட்டு, வாரைத் தலையில் மாட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் மூன்று பேர், அதே மாதிரி.

"லெட்சுமி, பெரட்டுக்கு நேரமாச்சு. கங்காணி கத்துறாரு."

"உங்க கடையில கொழுந்து கிலோ என்ன விலைங்க?"

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம். அந்தச் சொல்லையே போன வருஷம் லெ.தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும். ரஜனி நகர்ந்து வாங்கில் இடம் விட்டாள். "இங்க வந்து உக்காரு." உட்கார்ந்தேன். எதிரே லெ. பாணைத் தேநீரில் தோய்த்தபடியே இருந்தாள். பாண் கரைந்து அடியில் போய்விட்டது.

பிறகு குளியலறை வாசலில் கேட்டாள். "முதுகுவலின்னுதானே போட்ட?"

"ஆமா."

பொய். அதையும் இங்கே எழுதிவிட்டேன்.

கணிதச் சோதனை: 81. லெ.வுக்கு 94.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். பெற்றோர் தினத்துக்கு ஏரோபிக்ஸ் பிரிவு கொழுந்தாட்டம் ஆட வேண்டுமாம். டீச்சர் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "லெட்சுமி, உமக்கு யோகா வேண்டாம். உமக்குக் கொழுந்து எடுக்கத் தெரியும் எண்டு தாளில கிடக்கு. வெட்கப்பட என்ன இருக்கு? இவைக்கு ஒருக்காக் காட்டிக் குடும்."

சமூகக்கல்வி அறையில் காட்சிக்கு வைத்திருந்த நிஜக் கூடையைக் கொண்டுவந்தார்கள். லெ. என்னைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை நாலாக மடித்துத் தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டினாள். கழுத்து தானாக முன்னால் போனது. இரண்டு கையும் பறந்தன. கசெட் அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்கோ, என்ன இயல்பு" என்று டீச்சர் கைதட்டினார்.

"பொறந்ததுலேர்ந்து பழக்கம் டீச்சர்" என்றாள் ரஜனி. மண்டபம் முழுக்கச் சிரிப்பு. டீச்சருக்கும் வந்துவிட்டது.

எனக்கு முதல் வரிசை. ரஜனிக்கு அடுத்த இடம்.

ஜூன் 11, புதன்

லெ.வின் அப்பா வந்திருந்தார். சட்டைக் கொலரில் பின்னால் குடையைத் தொங்கவிட்டிருந்தார். "கடை முதலாளி வந்துட்டாரு" என்று மேல் மாடியில் யாரோ.

வாசலில் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். "நீங்கதானே பாப்பா இதோட கூட்டாளி? பயிற்சி ஒத்துக்கலைங்குது. இனிப் பள்ளிக்கூடமே வேணாங்குது. டிசம்பர்ல சோதனைங்க. நீங்க சொன்னா கேக்கும்."

நான் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது சொல்லாதுப்பா. வாங்க, பஸ் போயிரும்" என்றாள் லெ. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள். யார் பார்த்தால் என்ன என்பதுபோல.

ஜூன் 12, வியாழன்

தூறல். டீச்சர் தாள்களை வரிசைப்படுத்தித் தரச் சொன்னார். என் தாள் கிடைத்தது. லெ.வின் உருண்டைக் கையெழுத்து: ‘மாடிப்படி ஏறும்போது இவளுக்கு மூச்சு வாங்குகிறது. மூச்சு பலப்பட வேண்டும்.’

நான் அன்று அவளிடம் சொன்னது அது இல்லை. சொன்னது இது: ரஜனி கூட்டத்தில் சேர வேண்டும், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன். யாரிடமும் சொல்லாதே என்று நான் கேட்கவும் இல்லை. அவளாகவே மறைத்திருக்கிறாள்.

இன்னொன்று மிச்சம். அதை எழுதாவிட்டால் இந்தக் கொப்பியைக் கிழித்துப் போடலாம். போன வாரம் புதன்கிழமை லெ.வின் தாளை நான் எழுதும்போது ரஜனி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரியும். கையால் மறைக்கவில்லை. அவளுக்கு வாசிக்க வசதியாகத் தாளைக் கொஞ்சம் சாய்

மேட்ரன் விளக்கை அணைத்துவிட்டார்.