வளைவை மறைக்க ஒரு பூவேலி

சேசு மரி சூசை துணை

ஏற்காடு, குப்பனூர் ரோடு,
உன் புது வீட்டிலிருந்து.

என் அக்கா பெற்ற செல்வம் ரூபிக்கு, உன் தாய்மாமன் பாக்கியநாதன், ஓய்வு பெற்ற எஸ்டேட் ரைட்டர், மன மகிழ்ச்சியோடு எழுதுவது. இங்கே நானும், உன் அத்தை மரியபுஷ்பமும், ஆடுகளும் சுகம். உன் வீட்டுக்காரர், மாப்பிள்ளை ஜெப்சனைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் முன்னறையில் தும்மினால் பின்னறையில் கேட்கிறது. பின்னறையில்தான் மாப்பிள்ளை. உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யும் செல்வமேரி லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள் இல்லையா, அவள் பெட்டியில் முறுக்குக்கும் மிளகுத் தூளுக்கும் நடுவே இது வரும். முறுக்கு உன் அத்தை சுட்டது. பல்லுக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே.

முதலில் ஒன்று கேட்க வேண்டும். வேலையில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றாயே, போட்டுவிட்டாயா? தோட்டம் பூத்துக் குலுங்குகிறது, மாப்பிள்ளையே குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிறார் என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு, “இனிப் பயமில்லீங்க மாமா, நான் இங்கயே இருந்துக்கறேன்” என்றாய். போடாவிட்டால், இதைப் படித்து முடிக்கும் வரை பேனாவை எடுக்காதே கண்ணு.

அப்புறம் அந்தப் போட்டோ விஷயம். நான் அனுப்பிய டேலியாப் பூவுக்குப் பின்னால் டிக்கெட் கவுண்டர் தெரிகிறதே என்று கேட்டிருந்தாய். நம் தோட்டத்தில் அன்றைக்கு ஒரே பனி, போனில் ஒன்றும் விழவில்லை. ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய் அதே ஜாதிப் பூவை எடுத்தேன். நம்முடையது அதைவிடப் பெரிதாக வந்திருக்கும். வந்திருந்தால்.

தோட்டத்தின் கதையை ஆதியிலிருந்து சொல்கிறேன். எஸ்டேட் ஆட்களின் லயன் வீட்டில் இருந்தால் தினமும் தினேஷுடைய அம்மா முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளைக்கு அது ஆகவில்லை என்றுதானே நீ வீடு வாங்கச் சொன்னாய். பத்து வீடு பார்த்து இதை முடித்தவன் நான். உன் அத்தை இரண்டு வீடு என்பாள், நம்பாதே. வாசலில் நின்றால் மலைப்பாதை முழுவதும் கண்ணுக்குக் கீழே, ஊட்டியில் கவர்னர் பங்களாவுக்குக்கூட இப்படி ஒரு காட்சி கிடையாது என்றேன். நீயும் சந்தோஷப்பட்டாய். மலைப்பாதை முழுவதும் தெரிந்தால் வேன் மோதிய அந்த வளைவும் தெரியும்தானே. அதை நீயும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

குடிவந்த அன்றைக்கு மாப்பிள்ளை வாசலுக்கு வந்து நின்றார். ஆடி மழையில் அவர் வேன் மோதிய தடுப்புச் சுவரை மட்டும் புதிதாகப் பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள். இங்கிருந்து பார்த்தால் பல் மாதிரித் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த தினேஷ் போய்ச் சேர்ந்ததற்கு ஓட்டியவர் மேல் தப்பில்லை என்று போலீசே எழுதிவிட்டது. ஊரே ஒத்துக்கொண்டது. மாப்பிள்ளைதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பின்னறைக்குப் போனவர்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. வாசல் நெடுக ஆள் உயரத்துக்குப் பூவேலி! ரோஜா, டேலியா, செம்பருத்தி. வளைவும் மறையும், வீட்டுக்கும் அழகு. கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று சேலத்து டாக்டரும் சொல்லியிருந்தார். நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். நான் படித்த அந்தக் காலத்து ஏழாம் வகுப்பு என்றால் இன்றைய டாக்டர் படிப்புக்குக் கொஞ்சம்தான் குறைவு.

பங்களாத் தோட்டத்திலிருந்து ரோஜாப் பதியன் கொண்டுவந்தேன். துரை பங்களா ரோஜாவுக்கு நான்தான் கை ராசி என்று முழு எஸ்டேட்டுக்கும் தெரியும். நட்ட கையோடு பல்ப்பர் கொட்டகைக்கு ஆள் அனுப்பி, அன்றைக்குக் காப்பிப் பழம் உரித்த தோலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவரச் செய்தேன். எஸ்டேட்டில் பழத்தோலை மிஞ்சிய எரு உண்டா? செடிக்குச் செடி மடியில் பிள்ளையை வைப்பது போல அணைத்து வைத்தேன்.

அப்போது என்ன நடந்தது தெரியுமா? பின்னறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை தானாக எழுந்து வந்தார். குனிந்து, தோல் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். “மாமா, தோலு கொதிக்குதுங்க. மக்கறதுக்கு முன்னாடி வெச்சா வேரு வெந்துருமுங்க” என்றார். ஆடிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அதுதான் ரூபி. அவருடைய அப்பா பல்ப்பரில் வேலை பார்த்தவர், தெரியாமலா இருக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அங்கே பக்கத்துக் காட்டு அங்கப்பன் வேறு நின்றுகொண்டிருந்தான். “மாப்ளே, வேன் ஓட்டறது வேற, செடி வளக்கறது வேற. நான் இந்த மலைக்கே எரு வெச்சவன்” என்று விளையாட்டாகச் சொல்லிச் சிரித்தேன். அங்கப்பனும் சிரித்தான். மாப்பிள்ளை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

செடிகள் அந்த வாரமே கருகிவிட்டன. இந்த வருஷம் பழத்தோலே சரியில்லை. முந்தி வந்த தோல் குளிர்ச்சியாக இருக்கும். உன் அத்தைக்கு இதெல்லாம் புரியாது. “ஏனுங்க, அந்தப் பையன் வாயத் தொறந்தா கடவுளே வந்து பேசுன மாதிரி நெனச்சுக் கேட்டிருக்க வேண்டாமா? உங்க வாயி மட்டும் எப்பவும் பூத்தே கெடக்குது” என்று மூன்று நாள் எனக்குக் காப்பித் தண்ணி தரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

அடுத்து டேலியாக் கிழங்கு போட்டேன். அது முளைவிட்டது, பொய்யில்லை, அங்கப்பனைக் கேள். மாசியில் காட்டெருமைக் கூட்டம் வந்தது. நான் தனியாளாக நின்று பேசியே அவற்றைத் திருப்பி அனுப்பினேன். அவை திரும்பிப் போன வழி தோட்டத்தின் வழி. இப்போது வாசலிலிருந்து வளைவு முன்னைவிட நன்றாகத் தெரிகிறது, முன்பு இருந்த பழைய வேலியும் இல்லை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பெயிண்ட் டப்பாவில் ஒரு ரோஜாக் குச்சி. நான் மறந்துபோனதால் பிழைத்தது என்று உன் அத்தை சொல்கிறாள். அதில் ஒரு மொட்டு வந்தது. போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால் டப்பாவைக் காணோம். மாப்பிள்ளையையும் காணோம்.

வளைவில் இருந்தார். தடுப்புச் சுவர் ஓரமாகச் சரளையைக் கையாலேயே தோண்டி அந்தச் செடியை நட்டிருந்தார். நகமெல்லாம் ரத்தம். எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. வெளியே வந்துவிட்டார், கைவேலை செய்கிறார், டாக்டரும் நானும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன். தோட்டம் பூத்துக் குலுங்குகிறது என்று நான் சொன்னது அந்த ஒரு மொட்டைத்தான் சாமி.

பாறை மேல் எந்தச் செடி நிற்கும்? மொட்டு விரியாமலே உதிர்ந்தது. இப்போது இருப்பது முள்ளோடு ஒரு காய்ந்த குச்சி. ஆனால் மாப்பிள்ளை தினமும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார். குச்சிக்கு ஊற்றிவிட்டு, தடுப்புச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ரோட்டைப் பார்த்து இல்லை. அந்தப் பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து.

டாக்டர் எனக்குத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு நானும் பின்னாலேயே போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசுகிறேன். என் கதைகளுக்கு ஒரு காலத்தில் பஸ்ஸே நின்று கேட்கும். அவர் கேட்பது மாதிரித் தெரியவில்லை. நேற்று, “அது பட்டுப்போச்சு மாப்ளே, ஊட்டுக்குப் போலாம் வாங்க” என்றேன். “தனியா இருக்குதுங்க மாமா” என்றார். அவர் சட்டையின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்றால் வண்டி ஏற மாட்டேன் என்கிறார். எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. சும்மா சொல்லவில்லை, இது நிஜம். ஒரு நாள் நான் எழுந்து போக முடியாமல் போனால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பங்குச்சாமியாரிடம் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். சேர்வராயன் கோயிலிலும் ஒரு சூடம் ஏற்றச் சொல்லி அங்கப்பனிடம் சொன்னேன். இது சாமியார் காதுக்குப் போக வேண்டாம். “ரைட்டரே, சாமிக்கிட்ட கூட்டிச் சொல்ல முடியாதுங்க, உள்ளத உள்ளபடி சொல்லணும், என்ன சொல்லட்டும்?” என்று அங்கப்பன் கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நான் சொன்னதையெல்லாம் நம்பி அங்கே நிம்மதியாக இருந்தாய். அது நல்லதுதான். இதையும் அதே மாதிரி நம்பு. வரும்போது பூச்செடி, விதை என்று ஒன்றும் வாங்கி வராதே, இந்த மண்ணில் இனி ஒன்றும் வேண்டாம். போட்டோ அனுப்புங்கள் மாமா என்று மட்டும் கேட்காதே. எடுத்து அனுப்ப இங்கே ஒன்றும் இல்லை கண்ணு. நேரில்தான் வர வேண்டும்.

லூர்து மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் சேர்க்கட்டும். அது வரை சட்டை நுனி என் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உன் மாமன்
பாக்கியநாதன்