பெரணி முளைக்கும் இடம்

மார்ச் 4
மாத முடிவில் என் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் விருந்து. ஊரே வரும். பெரணிக் கீரை என் நாத்தனார் நோஹியாவின் பொறுப்பு. இன்று முதன்முறையாகத் தான் அதைப் பறிக்கும் ரகசிய இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். ஒரு தூரில் விரியாத இளஞ்சுருள் இரண்டுதான் கிள்ள வேண்டும். மிச்சம் அடுத்த முறைக்கு. திரும்பும்போது சொன்னாள்: "எங்க போனேன்னு யாராச்சும் கேட்டா, சும்மா ஒரு சுத்துன்னு சொல்லு கலேனா. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

எங்கள் ஊர் ஹானாவில் யாரும் அதற்கு மேல் கேட்பதுமில்லை.

மார்ச் 9
பெரணியை வெங்காயம், தக்காளி, காய்ந்த இறால் சேர்த்துப் பிசைந்து தேவாலய விருந்துக்குக் கொண்டுபோனேன். ஊருக்குப் புதிதாக வந்த ஓட்டல்காரன், "இவ்ளோ பிஞ்சா எங்க கெடைச்சுது?" என்றான். பெருமை தாங்கவில்லை. ஓடை, பாலம், இரட்டை மாமரம் — எல்லாம் சொன்னேன்.

மார்ச் 16
நோஹியாவோடு மறுபடி போனேன். இடமே மொட்டை. ஒரு சுருள் விடாமல், தூரோடு அறுத்திருக்கிறார்கள். நோஹியா சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன்.

மார்ச் 17
அவள் பழியைப் பக்கத்து வீட்டு மோக்கே மாமா மேல் போட்டுவிட்டாள். என்னைத் தவிர இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. "வயசான காலத்துல நாக்கு நீண்டுடுச்சா மாமா?" என்று வேலியோரம் நின்று கேட்டாளாம். அவர் உள்ளே போய்விட்டாராம். விருந்துக்கும் வரமாட்டாராம்.

எனக்கு ஏன் இப்ப வாய் வரல? அன்னிக்கு மட்டும் வந்துதே.

மார்ச் 20
பன்றி இறைச்சி பொதிந்த சேம்பிலையை அரை வேக்காட்டில் இறக்கிவிட்டேன். எல்லோருக்கும் தொண்டை அரிப்பு. "உன் புத்தி எங்க இருக்கு?" என்றார் என் கணவர் கியாஹி. அவரிடம் மறைக்க முடியவில்லை, கொட்டிவிட்டேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன? அக்காகிட்ட போ."

மார்ச் 21
போனேன். சொன்னேன். நோஹியா இறைச்சி நறுக்குவதை நிறுத்தவில்லை. "மொதல்ல நான் மாமா கால்ல விழணும்," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

மார்ச் 29
விருந்து. மோக்கே மாமா வந்தார். குழந்தை அவர் மடியை விட்டு இறங்கவில்லை. மேசையில் பெரிய கிண்ணம் நிறையப் பெரணி, அத்தனையும் பிஞ்சு. நோஹியாவே என் தட்டில் பரிமாறினாள். எங்கே பறித்ததென்று யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6
காலையில் நோஹியாவின் வண்டி எங்கள் வாசலைக் கடந்தது. பின்னால் கோணிப்பை, கத்தி, சேற்றுக் காலணி.

"எங்க அண்ணி?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

வண்டியை நிறுத்தினாள். நன்றாகத்தான் சிரித்தாள்.

"சும்மா ஒரு சுத்து," என்றாள்.