கட்டைவிரல் மறைத்த இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுண்டெலி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்களுக்கு மூட்டுவலி எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மே மாதம் மலைக்குப் போகிறேன் மாமா. வெளிநாட்டில் மூன்று வருஷம் நீங்கள் நடந்து அளந்தீர்களே, அதே மலைக்கு. எட்டு நாள் நடை. லேபில் என்னோடு வேலை பார்க்கும் எக்ஸ்ரே அக்காவும் வருகிறாள். உங்கள் கெண்டைக்கால் தழும்பைத் தொட்டுத் தொட்டுக் கரடிக் கதை கேட்டு வளர்ந்தவள் நான். இப்போதுதான் லீவு கிடைத்தது.

நல்ல மேப்தான் கிடைக்கவில்லை. கடையில் கொடுத்தது ஹோட்டல்காரர்களுக்காகப் போட்டது. மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மான் நின்று சிரிக்கிறது. போனில் பார்த்தால் வெறும் பச்சை. உங்களிடம் பழசு ஏதாவது இருக்கிறதா?

உங்கள்,
சுண்டெலி


பிப்ரவரி 15

என் உயிருக்கு உயிரான மருமகளுக்கு மலையளந்த மாமன் மனம் குளிர எழுதுவது.

உன் கடிதத்தைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டேன். சலூன்காரர் பாதி ஷேவிங்கில் கத்தியை நிறுத்தி, "இந்த வயசுல நான் போனா ஏத்துக்குவாங்களா?" என்று கேட்டார். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் பாடுதான் பாவம்.

மேப்பா? அச்சடித்த மேப்பை நம்பியா நான் நடந்தேன்? எட்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டு ஓடியது உண்மை. ஆனால் அந்த நாட்டு மேப் ஆபீஸில் பெரிய அதிகாரிகளே பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க, நாங்க கோடு போடுறோம்" என்று நிற்பார்கள்.

ஆறு காலண்டர் தாளை ஒட்டி, பின்பக்கத்தில் நானே வரைந்து அனுப்பியிருக்கிறேன். இரட்டைப் பாறை, நடப்பவர்கள் இரவு தங்கும் மூன்று குடில்கள், ஓரத்தில் ஏரி, கரடி என்னிடம் மன்னிப்புக் கேட்ட இடம், எல்லாம் இருக்கிறது. நடுவில் சிவப்பு மையில் இருப்பது தொங்குபாலம். இரட்டைப் பாறையிலிருந்து அதைத் தாண்டினால் அரை நாளில் அந்தப் பக்கம். சுற்றிப் போனால் இரண்டு நாள். அந்தப் பாலத்தில் முதலில் நடந்தவனே நான்தான். "நீங்க நடந்தாச்சுல்ல, இனிமே யானையே நடக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

மூட்டுவலி இல்லை என்று என் அக்காவிடம் சொல். மூட்டு மட்டும்தான் இருக்கிறது.

மலையளந்த மாமன்


மார்ச் 20

அன்புள்ள மாமா,

அந்த நாட்டிலிருந்தே தபாலில் அசல் மேப் வந்துவிட்டது. தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரைக் கிலோமீட்டர். அதையும் உங்கள் காலண்டர் தாளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்துவிட்டு அசந்துபோனேன். இரட்டைப் பாறை அதே இடம். குடில்கள் அதே இடம். ஏரிகூட அதே வளைவு! இத்தனை வருஷம் கழித்து எப்படி மாமா?

பாலம் மட்டும் அதில் இல்லை. அங்கே பழுப்புக் கோடுகள் நசுங்கிய தலைமுடி மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. செங்குத்தான பள்ளத்தாக்கு என்று அர்த்தமாம். "உங்க மாமா கரடி விடுறாரு" என்கிறாள் எக்ஸ்ரே அக்கா. "மத்ததெல்லாம் அச்சு அசலா இருக்கே, இது மட்டும் எப்படித் தப்பாகும்?" என்று நான் கேட்டேன். அவளுக்கு முழங்கால் சரியில்லை. ஒன்றரை நாள் மிச்சமானால் பெரிய விஷயம்.

பாலம் இருக்கிறதா, இல்லையா? ஒரே வார்த்தை எழுதுங்கள், போதும்.

சுண்டெலி


மார்ச் 29

மருமகளே,

மாமனையா கேட்கிறாய்? இருக்கிறது! இப்போது மேப் போடுகிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்கள். பாலம் தானாக ஆபீசுக்கு நடந்து வந்தால்தான் வரைவார்கள். எக்ஸ்ரேவில் எலும்பு தெரியும், அனுபவம் தெரியுமா என்று அந்த அம்மாவைக் கேள்.

மலையளந்த மாமன்


ஏப்ரல் 15

அன்புள்ள மாமா,

முடிவாகிவிட்டது. சுற்றுவழிக் குடிலில் போட்டிருந்த பதிவை ரத்து செய்துவிட்டோம். பாலம் வழியாகவே போகிறோம். மே 4 கிளம்புகிறோம். "கடைசியா கேக்குறேன், கவர்மெண்ட்டை நம்புறியா, உங்க மாமாவையா?" என்றாள் அக்கா. "மாமாவைத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

சுண்டெலி


ஏப்ரல் 26

கண்ணு,

பாலம் இல்லை. அந்தப் பக்கம் போகாதே. மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படித்துவிடு. பாலம் இல்லவே இல்லை.

மூன்று தடவை போன் பண்ணினேன். உன் குரலைக் கேட்டதும், "கரடி பத்திரம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாயைத் திறந்தால் பழைய பேச்சுதான் வருகிறது. அதனால் எழுதி, அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் அந்த மலையில் கால் வைத்ததில்லை. தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. மேப் ஆபீஸில் வேலை பார்த்தது உண்மை. கீழ்த்தளத்தில் மேப் மடிக்கிற வேலை. தெருவை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல். அதில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும் தெரியும். சேறு அப்பிய பூட்ஸ் போனால், இவன் மலையிலிருந்து வருகிறான் என்று நினைத்துக்கொள்வேன். தழும்பு, தாள்கட்டு ஏற்றிய தள்ளுவண்டி இடித்தது. மேப் ஆபீஸில் வேலை என்று உன் அம்மாவுக்கு எழுதினேன். "மலையெல்லாம் அளக்கிறியாடா?" என்று எழுதிக் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் இறங்கவே வழி தெரியவில்லை.

நீ கேட்டாயே, எப்படி மற்றதெல்லாம் சரி என்று. அந்தத் தாளை மூன்று வருஷம் மடித்தேன். ஓரமெல்லாம் கண்ணில் பதிந்துவிட்டது. முதல் மடிப்புக்குத் தாளின் நடுவில் இடது கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கு இருக்கிற இடத்தில் எனக்கு எப்போதும் என் கட்டைவிரல்தான் தெரிந்தது. உனக்கு வரையும்போது நடுவில் வெறுமையாக இருந்தது. வெறுமையாக விட மனசு வரவில்லை. சிவப்பு மை இருந்தது. போட்டுவிட்டேன்.

எனக்கு நிஜமாகத் தெரிந்தது ஒன்றுதான். அசல் மேப்பைப் படம் வெளியே தெரியும்படி நீளவாக்கில் பாதியாக மடி. பிறகு விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடி. அன்றைக்கு நடக்கிற பகுதி மட்டும் உள்ளங்கைக்கு வரும். காற்றில் முழுசாக விரிக்காதே. காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

மாமா


மே 7

கண்ணு,

பதில் இல்லை. போன் அணைத்து வைத்திருக்கிறாய். உன் அம்மாவைக் கேட்டால், "ஏதோ கவர் வந்துச்சு, பிரிக்காம பையில போட்டுக்கிட்டா" என்றாள். பிரிக்காமலா? நான் என்ன எழுதியிருந்தேன் என்று அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை. உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். நீ வந்து பிரித்துப் படிக்க வேண்டும்.

மாமா


மே 19

மாமா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் இரண்டாவது கடிதத்தை அம்மா பிரிக்காமல் எடுத்து வைத்திருந்தாள்.

முதல் கவரை இன்னொரு கரடிக் கதை என்று நினைத்துத்தான் பையில் போட்டேன், வழியில் படித்துச் சிரிக்கலாமே என்று. மூன்றாம் நாள் மதியம் இரட்டைப் பாறை வந்தது. பாதை இரண்டாகப் பிரிந்தது. "எந்தப் பக்கம்னு உங்க மாமா எழுதியிருப்பாரு, எடு" என்றாள் அக்கா. சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியோடு நிறுத்தி, தாளை நீட்டினேன். அக்கா வாங்கிப் படித்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "கிளம்பு. சுத்துவழி" என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குடிலில் எங்களுக்கு இடம் இல்லை. சமையலறைத் தரையில் படுத்தோம். மறுநாள் மேலேயிருந்து உங்கள் கட்டைவிரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் தெரியவில்லை. அவ்வளவு ஆழம். அன்று முழுக்க மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். மரியாதையில்லாமல்கூடப் பேசினேன். ஒரே வார்த்தைதானே மாமா கேட்டேன்?

கணவாயில் பேய்க்காற்று. எங்களுக்கு முன்னால் போன தம்பதியின் மேப் இரண்டாகக் கிழிந்து பறந்தது. எங்களுடையது நீங்கள் சொன்ன மடிப்பில் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. அவர்களையும் சேர்த்துத்தான் இறக்கிவிட்டோம். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று அந்த அம்மா கேட்டாள். "எங்க மாமா. இந்த மேப் போட்ட ஆபீஸ்லயே வேலை பார்த்தவரு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

கோபம் இன்னும் போகவில்லை. அம்மாவிடம் நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்கள். எனக்கு இனிமேல் கரடி வேண்டாம். கீழ்த்தளத்தில் மூன்று வருஷம் என்ன நடந்தது? அதை எழுதுங்கள்.

சுண்டெலி


ஜூன் 2

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நானே நாலு தடவை படித்தேன். திட்டியிருக்கிறாய். நீ திட்டுகிற அளவுக்கு முழுசாக வந்து சேர்ந்ததே எனக்குப் போதும்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாலம் விஷயத்துக்கு ஒரு மணி நேரம் திட்டினாள். மலை விஷயத்துக்கு மட்டும் அசரவில்லை. "மொட்டை மாடிக்கு ஏறினாலே உனக்குத் தலை சுத்தும். நீயாடா மலை அளந்தே?" என்றாள். முப்பது வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்!

கீழ்த்தளத்தைப் பற்றிக் கேட்டாய். எழுதுகிறேன். நீளமான மேஜை, பன்னிரண்டு பேர். ஒரு நாளைக்கு நான் மட்டும் நாலாயிரம் தாள் மடிப்பேன். அடித்துவிட்டேன் பார், நானூறு. அதுவும் திங்கட்கிழமைகளில்தான். முந்நூற்று ஐம்பது என்று வைத்துக்கொள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏறாத மலை கிடையாது என்று தினமும் கதை விடுவார். அவருக்கு ஒரு கால் மரக்கால். நாங்கள் எல்லோரும் நம்பினோம். நம்பினால்தான் பொழுது போகும்.

மீதியை நீ வரும்போது சொல்கிறேன். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். கதை விட எனக்கும் கொஞ்சம் பயம் இருக்கும்.

உன்,
தாள் மடித்த மாமன்

பின்குறிப்பு: சலூன்காரரிடம் மட்டும் பாலம் இருக்கிறது என்றே சொல்லி வைத்திருந்தேன். நேற்று அவர், "நானும் ஒரு பாஸ்போர்ட் எடுக்கலாம்னு பாக்கறேன்" என்றார். பாதி ஷேவிங்கில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.